எல்லை தாண்டும் மின்சாரம் லயத்துக்குள் வருமா?

தாய்லாந்தின் சொங்க்லா மாகாணத்தில் புறப்பட்டு, எல்லையைக் கடந்து, கெடாவில் குரூண் வரை வந்து சேரும் பெரிய மின்கம்பித் தொடர் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளம். 300 மெகாவாட் வரை மின்சாரம் சுமக்க வல்லது. வட கெடாவில் பால்மரம் வெட்டும் நம் தோழர்களில் பலர் அதன் இரும்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். அது எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

2022 ஜூன் 23ஆம் தேதி தொடங்கி, லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு விற்கப்பட்டது. முதலில் 100 மெகாவாட் வரை என்று உடன்பாடு. 2024இல் மலேசியாவும் தன் பங்கைச் சேர்க்க, 200 மெகாவாட் வரை என்று உயர்த்தினார்கள். லாவோஸ் அணையில் பிறந்த அதே மின்சாரம்தான் சிங்கப்பூர் விளக்கில் எரிகிறது என்று சொல்வதற்கில்லை. ஒருவர் குளத்தில் ஊற்ற, இன்னொருவர் வேறொரு கரையில் மொண்டுகொள்ளும் கணக்கு இது. ஆனாலும் நான்கு நாடுகள், நான்கு சட்டங்கள், நான்கு நாணயங்கள் ஒரு கம்பியில் ஒத்துப்போயின. இது சிறிய காரியமன்று, பாராட்டுகிறோம்.

விற்பதற்கு இத்தனை ஒற்றுமை காட்டியவர்கள், மிச்சப்படுத்துவதற்கும் அதே ஒற்றுமையைக் காட்டவேண்டும் என்பதே நம் வாதம். ஒரு வெள்ளிப் பொருளை உண்டாக்கச் செலவாகும் எரிசக்தியை, 2005ஆம் ஆண்டில் இருந்த அளவிலிருந்து 2025க்குள் நூற்றுக்கு 32 பங்கு குறைப்பது என ஆசியான் அரசாங்கங்கள் இலக்கு வைத்தன. இலக்கு நல்லது. அந்த 32 பங்கில் தோட்டத்து லயத்தின் பங்கு எது என்று எந்த மாநாடாவது கேட்டதுண்டா?

பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும்: மாலை ஆறரைக்குத் தோட்டத்து மிஷின் ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு நின்றுவிடும், அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்தக் காலம் போய்விட்டது. வேலைக்காரர் குடியிருப்புக்கு மின்சாரம் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இன்றைய தொல்லை வேறு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகிறவன் பகலில்தான் சற்றுக் கண்ணயர முடியும். அப்போதுதான் துத்தநாகத் தகட்டுக் கூரை அடுப்பாய்க் காய்கிறது. உட்கூரை இல்லாத வீட்டில் காற்றாடியை நிறுத்த வழி ஏது? சாதாரணக் கூரைக் காற்றாடி 75 வாட் வரை இழுக்கும். புதுவகைச் சிக்கனக் காற்றாடிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். அதுவும் ஒரே காற்றாடியில்.

மிச்சம் யாருக்கு? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. சில தோட்டங்களில் வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது. வேறு சிலவற்றில் லயம் முழுவதும் ஆபீஸ் மீட்டரில் ஓட, கிராணிமார் ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். காற்றாடியை நிறுத்தியவனுக்கும் நிறுத்தாதவனுக்கும் ஒரே பிடித்தம். தன் கைக்கு வராத சிக்கனத்தை ஒருவன் எத்தனை நாள் செய்வான்? 2025 ஜூலை முதல் தீபகற்ப மலேசியாவில், மாதம் 1000 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்குப் பில்லிலேயே சிக்கன ஊக்கத்தொகை கழித்துத் தரும் முறை வந்தது. தன் பெயரில் பில் இல்லாதவனுக்கு அதில் என்ன பங்கு? அதே ஆண்டு ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டம் பெரும் ஆலைகளையும் பெரும் கட்டடங்களையும் பிடிக்கிறது, பிடிக்கட்டும். லயம் அதன் கண்ணில் படாது.

இனி எல்லைக்கு அப்பால் பார்ப்போம். 1993ஆம் ஆண்டில் தாய்லாந்து மின்சார வாரியம் ஒரு காரியம் செய்தது. அந்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் எரிந்தவை 40 வாட், 20 வாட் குண்டுக் குழாய் விளக்குகள். அதே வெளிச்சத்தை 36 வாட், 18 வாட் மெல்லிய குழாய்களும் தரும். பழைய சட்டத்திலேயே மாட்டலாம். வாரியம் மக்களிடம் மனுப் பாரம் கேட்கவில்லை. குழாய் செய்யும் கம்பெனிகளை அழைத்து, குண்டுக் குழாயை நிறுத்துங்கள், மெல்லிய குழாயைப் பற்றி ஊரெல்லாம் விளம்பரம் செய்வது எங்கள் செலவு என்று பேசி முடித்தது. கம்பெனிகள் இணங்கின. கொஞ்ச காலத்தில் கடையில் குண்டுக் குழாயே அருகிவிட்டது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் தந்த 95 லட்சம் அமெரிக்க டாலர் மானியமும் ஆஸ்திரேலிய அரசின் உதவியும் அந்த வாரியத்தின் சிக்கனத் திட்டங்களுக்குப் பின்னால் நின்றன. எல்லை கடந்து வந்த பணம் அங்கே கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். தென் தாய்லாந்தில் நம்மைப் போலவே பால்மரம் வெட்டிப் பிழைப்பவன், எதையும் படிக்காமல், யாரையும் கெஞ்சாமல், கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கினான். அந்த விளக்கு இழுக்கும் மின்சாரம் நூற்றுக்குப் பத்து குறைந்தது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2024 ஏப்ரலில் வீவக வீடுகளில் வாழும் குடும்பங்களுக்குத் தலா 300 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்து, சிக்கனமான விளக்கும் குளிர்ப்பெட்டியும் வாங்கிக்கொள்ளச் சொன்னது. அது வீட்டைப் பார்த்துக் கொடுத்த உதவி. பணக்கார நாடு, செய்யலாம் என்பீர்கள். உண்மைதான். தாய்லாந்தின் வழிக்கோ அத்தனை பணம் வேண்டியதில்லை.

மலேசியாவும் சும்மா இருந்துவிடவில்லை. 2013இல் விதிகளைத் திருத்தி, காற்றாடி, குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி, விளக்கு, குளிர்சாதனம் ஐந்துக்கும் குறைந்தபட்சச் சிக்கன அளவு வைத்தார்கள். நட்சத்திரச் சீட்டும் ஒட்டுகிறார்கள். ஆனால் ஒரு நாடு அளவை உயர்த்தி, பக்கத்து நாடு உயர்த்தாமல் இருந்தால் என்ன நடக்கும்? கழிக்கப்பட்ட சரக்கு அளவு குறைந்த நாட்டின் சந்தையைத் தேடிப் போகும். மலிவாக இருப்பதால் சம்பளக்காரன் அதைத்தான் வாங்குவான். வாங்கியபின் மாதாமாதம் பில்லில் அந்த மலிவுக்கு விலை கொடுப்பான். ஆகவே சிக்கன அளவு ஆசியான் முழுவதும் ஒன்றாக இருக்கவேண்டும். அதுவும் காற்றாடிக்கு முதலில். குளிர்சாதனத்தைப் பற்றி மாநாடுகளில் நிறையப் பேசியாகிவிட்டது. லயத்தில் ஓடுவது காற்றாடி.

நாம் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. எல்லை தாண்டிய மின் வியாபாரத்தில் வரும் வருமானத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, கம்பி கடந்து செல்லும் வட்டாரங்களின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செலவிடட்டும். முதல் வேலை வீட்டுக்கு ஒரு மீட்டர். அடுத்தது கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு. ஒரு மீட்டருக்கு ஆகும் செலவைச் சொல்லி நிர்வாகங்கள் தயங்கலாம். அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். இன்று நம் லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் வாழ்கிறார்கள். குடியுரிமை இல்லை என்று அவர்கள் வீட்டு மீட்டரை விட்டுவிட்டால் கணக்கு மீண்டும் பழைய சமப் பிடித்தத்துக்கே திரும்பும். பாதிக்கப்படுவது நம் ஆளும்தான்.

தென் தாய்லாந்து ரப்பர்த் தொழிலாளர்களோடும் சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்களோடும் இது பற்றி நேரில் பேசத் தலைமை நிலையம் ஏற்பாடு செய்யவேண்டும். விலைச் சரிவைப் பற்றிப் பேசும் மேசையில் மின்சாரத்தைப் பற்றியும் பேசலாமே.

பேசப் போகுமுன் கையில் கணக்கு வேண்டும். அது கிராணிமாரிடம் இருக்கிறது. கிளைச் செயலாளர்கள் தத்தம் தோட்டத்தில் வீடு எத்தனை, தனி மீட்டர் எத்தனை, ஆபீஸ் மீட்டரில் ஓடுவது எத்தனை, மாதப் பிடித்தம் எவ்வளவு, உட்கூரை உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி இம்மாத இறுதிக்குள் நமக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். பெயர் எழுத விருப்பமில்லாத கிராணிமார் எழுதவேண்டாம், எண்களே போதும்.