யன்னலோரத் தோட்டம்: மிளகாய்க் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும்



இம்முறை, யேர்மனிக்குப் புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களை நினைத்து எழுதுகின்றோம். வீடு கிடைத்தவர்கள் எம்மிடம் முதலில் கேட்பது கறிவேப்பிலைக் கன்று எங்கே வாங்கலாம் என்பதைத்தான். மிளகாயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாம் சொல்லும் பதிலோ பலருக்குப் பிடிப்பதில்லை. முதல் வருடம் மிளகாயை வையுங்கள், கறிவேப்பிலை பிறகு பார்க்கலாம் என்கிறோம்.

ஊரில் இது தலைகீழ். அங்கே கறிவேப்பிலையை யாராவது பாடுபட்டு வளர்த்தார்களா? கிணற்றடியில், குசினித் தண்ணீர் ஓடும் இடத்தில் அது தன்பாட்டில் நின்றது. வேரிலிருந்து குட்டி வெடித்துப் பக்கத்து வளவுக்கும் போனது. மிளகாய்தான் மனிதரை முறித்தது. நாற்றுமேடை, இறைப்பு, புல்லுப் பிடுங்கல், மருந்தடிப்பு என்று ஓயாத வேலை. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயிலும் வெங்காயத்திலும் காசு கண்டார்கள் என்றால் அந்தப் பாட்டுக்குத்தான்.

இங்கே மிளகாய் சுகமான பிள்ளை, கறிவேப்பிலை நோஞ்சான் பிள்ளை. மிளகாய் ஒரு கோடைக்குள் முளைத்து, பூத்து, காய்த்து விடும். மாரியை அது பார்க்கவே தேவையில்லை. கறிவேப்பிலை மரம். ஒவ்வொரு மாரியையும் அது தாண்ட வேண்டும்.

மிளகாய்க்கு மாசி மாதக் கடைசியில் விதை போடுங்கள். நன்றாகப் பழுத்த சிவப்புப் பழத்தின் விதை வேண்டும், பச்சைக் காயின் விதை சரிவராது. கடையில் 'அன்சுக்ட் ஏர்ட' என்று விற்கும் மண்ணில் அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றி, ஹீற்றருக்கு மேலே உள்ள யன்னல் தட்டில் வைத்தால், 10 முதல் 20 நாட்களில் முளைக்கும். 25 பாகை வெப்பம் அதற்குப் பிடிக்கும். முளைத்த பிறகு வெளிச்சம்தான் முக்கியம். வெளிச்சம் போதாவிட்டால் கன்று நூல்போல் நெடுத்து விழுந்துவிடும். பெரிதானதும் 10 லீற்றர் சாடி போதும். பூக்கத் தொடங்கியதும் தக்காளிக்கு விற்கும் உரம் கொடுங்கள். அதற்கு முன் உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை மட்டும் காடாக நிற்கும். வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பூத்த கொப்பை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும், உள்ளே தேனீ வராது அல்லவா?

ஒரு வேடிக்கை. ரியூபிங்கன் பேராசிரியர் லியோன்ஹார்ட் பூக்ஸ் 1543இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயின் படம் இருக்கிறது. அதற்கு அவர் 'கள்ளிக்கோட்டை மிளகு' என்று பொருள்படப் பெயர் கொடுத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த செடியை எங்கள் பக்கத்துச் செடி என்று அன்றைக்கே டொச்சுக்காரர் நினைத்துவிட்டார்கள்!

இனிக் கறிவேப்பிலை. எமது முதற் கன்று, கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் போகுமுன் கையில் தந்துவிட்டுப் போனது. அந்த அக்கா நான்கு வருடம் வளர்த்தது. சித்திரையில் ஒருநாள் நல்ல வெயில். பாவம், அதுவும் வெயில் காணட்டும் என்று பல்கனியில் வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போனோம். விடிய வந்து பார்த்தால் இலையெல்லாம் அவித்த கீரைபோல் கறுத்துத் தொங்கியது. கீழ்வீட்டு ஓமா பார்த்துவிட்டு, "ஐஸ்ஹைலிக முடியுமட்டும் பொறுக்க வேண்டும்" என்றார். மே 11 முதல் 15 வரையான புனிதர் நாட்களை அப்படிச் சொல்வார்கள். அதற்குள் இரவில் உறைபனி வரக்கூடும் என்பது இங்குள்ள தோட்டக்காரரின் கணக்கு. மிளகாய்க்கும் அதே கணக்குத்தான். ஆனால் கறிவேப்பிலையை ஆனி மாதம்வரை வெளியே விடாதீர்கள். இரவுக்குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் இரண்டையும் உள்ளே எடுங்கள்.

அன்று நாம் செய்த பெரிய பிழை வேறு. வேரைப் பார்க்காமலே கன்றைக் குப்பைக்குள் போட்டோம். கருகிய கொப்பை வெட்டிவிட்டு, சூடான இடத்தில் வைத்து, மட்டுமட்டாகத் தண்ணீர் விட்டு இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அடியிலிருந்து துளிர்த்திருக்கவும் கூடும். அந்த அக்கா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "நிற்குது அக்கா" என்று இரண்டு வருடம் பொய் சொன்னோம்.

குளிரை விட அதிகம் கன்றைக் கொல்வது எமது அன்புதான். மாரியில் இலை மஞ்சளித்து விழும். உடனே தண்ணீர், தண்ணீர் என்று ஊற்றுவோம், வேர் அழுகிவிடும். இலை உதிர்வது வெளிச்சக் குறைவால்தான். இரண்டு விரற்கணு ஆழம் மண் காய்ந்த பிறகு மட்டும் விடுங்கள். கார்த்திகை முதல் மாசிவரை உரம் வேண்டாம். மோர் ஊற்றுவதையும் விடுங்கள். ஊர் வளவில் அது சரி, சாடிக்குள் நாற்றமும் சிறு ஈயும்தான் மிச்சம்.

தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பால் கன்று இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் நிற்கிறது என்று அறியுங்கள். மழைத்தண்ணீர் விடுங்கள். கறிவேப்பிலை தோடம்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே 'சிட்ருஸ்டுங்கர்' என்ற உரம் அதற்குப் பொருந்தும்.

அந்தக் குடும்ப உறவால்தான் இன்னொரு கரைச்சலும். தோடை மரங்களை அழிக்கும் நோயைக் காவும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். 2019 மார்கழி 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கன்றோ பச்சை இலையோ கொண்டுவர, தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். 2021 முதல் லண்டனும் வெளிதான். பெட்டிக்குள் சீலையில் சுற்றிக் கொண்டுவரும்படி மாமியிடம் சொல்லாதீர்கள். இங்கேயே வாங்குங்கள்.

ஹைமில் ஒரே அறையில், வடக்குப் பார்த்த யன்னலோடு இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். எப்போது வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்பதும் தெரியாது. ஒரு மிளகாய்க் கன்று போனால் ஒரு கோடைதான் போகும்.

மற்றது, மாரியில் யன்னலைப் பூட்டி வைத்துச் சாடிகளை அடுக்கினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்காரரோடு வழக்கு வரும். தினமும் யன்னலை அகலத் திறவுங்கள். திறக்குமுன் கறிவேப்பிலையை அறையின் மறுபக்கம் தூக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் இது மகனின் வேலை, பள்ளிக்கூடம் போகுமுன் செய்துவிட்டுப் போவான்.

இப்போது நிற்பது மூன்றாவது கன்று. இடுப்பளவு உயரம். நுனியைக் கிள்ளினால் இரண்டு கொப்பு விடுகிறது. ஒரு அடிக்குக் குறைந்த கன்றில் கைவைக்க வேண்டாம், கறி மணக்காவிட்டாலும் பரவாயில்லை.