பூசாமல் விட்ட பின்னறை

வீட்டுத்திட்டத்தில் கட்டிய பல வீடுகளில் ஓர் அறை இன்னும் வெறும் கல்லாகவே நிற்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் புதிய வீடொன்றுக்குத் தரப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, அதுவும் தவணை தவணையாக. அத்திவாரம், சுவர், கூரை என்று காசு போய்விட, கடைசி அறை விறகு அடுக்கும் இடமாகிவிடும். என் பின்னறையும் அப்படித்தான் கிடந்தது. சாதாரண தரம் படிக்கும் மகளுக்கும் என் தையல் மெசினுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது.

கிழமைக் கடன் தருகிறோம், மாபிள் பதித்து ஒரேயடியாக முடியுங்கள் என்று சிலர் வந்து கேட்டார்கள். தையற்கூலி ஒரு கிழமை வரும், மறு கிழமை வராது. கடன் அறவிடுபவரோ எல்லாக் கிழமையும் வருவார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மேசன் அண்ணை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, மாபிளைப் பிறகு பாப்பம். தண்ணி எங்கால வருதெண்டு முதல் பாரும்" என்றார். தாவாரத் தண்ணீர் சுவரடியிலேயே விழுந்து தேங்கியது. வெளிமண்ணும் அறை நிலத்தைவிட உயர்ந்து கிடந்தது. நானும் மகளும் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து, மண்ணை இறக்கிச் சரிவாக வாய்க்கால் வெட்டினோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் பூசினால் பூச்சு நிற்காது.

பிறகு நிலம். கிறவல் போட்டு, தண்ணீர் தெளித்து இறுக்கி, மேலே தடித்த பொலித்தீன் விரித்து, 3 அங்குலக் கொங்கிறீற் போட்டோம். முகாமில் தந்த தறப்பாளை இன்னும் எறியாமல் வைத்திருந்தேன். ஓட்டை விழுந்ததை நிலத்துக்குள் போடக்கூடாதாம். சீமெந்துப் பைகளை மூட உதவியது. ஏற்கனவே கொங்கிறீற் போட்டவர்கள் ஒரு துண்டுப் பொலித்தீனை நிலத்தில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் நிலத்திலிருந்துதான் வருகிறது.

பூச்சுக்குச் சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. 10 அடிக்கு 10 அடி அறையின் உட்சுவருக்கு 50 கிலோப் பை மூன்று, நான்கு போதும். நிலத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடற்கரை மணலை மலிவென்று வாங்காதீர்கள். அதன் உப்பு ஈரத்தை இழுக்கும், சுவர் வெள்ளை பூத்து உதிரும். மேசனுக்குக் கையாளாக நானே நின்றதால் ஒரு கூலி மிச்சம். வெறுங்கையால் கலவையை அள்ள வேண்டாம், தோல் வெந்துபோகும். இறப்பர் கையுறை போடுங்கள்.

பூசி முடிந்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். ஏழு நாளாவது காலை, மாலை சுவரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஆவணியில் தொடங்கினால் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டியிருக்கும், கார்த்திகையில் மழை விடாது. நான் தையில் தொடங்கினேன், கிணறு நிறைந்திருந்தது.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புதான் அடித்தேன். ஈரச் சுவரில் விலை கூடிய பெயின்ற் கொப்பளித்துவிடும். யன்னலுக்கு இன்னும் கண்ணாடி இல்லை, பலகைக் கதவுதான். பகலில் அதைத் திறந்து வைத்தால் வெளிச்சமும் காற்றும் வரும். மெசினை அதன் கீழே போட்டிருக்கிறேன், மகளின் மேசை மற்றச் சுவரோடு.