குடியை விட்டவனுக்கு சாயங்காலம் ஆறு மணி

குடிக்கிறவனுக்கு ஊரே புத்தி சொல்லும். அவன் நிறுத்தினதுக்கப்புறம் பக்கத்துல வந்து உட்கார ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. என் கோவமே இதுதான்.

நிறுத்தின முதல் ரெண்டு மூணு நாள் கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பே வந்துடும். வருஷக்கணக்கா குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. வீட்டுலயே படுக்க வைக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கப்புறம்தான் நம்ம வேலை.

காட்டுவேலை முடிஞ்சு கூலி வாங்குற நேரமும் தொண்டை வறள்ற நேரமும் ஒண்ணு. டாஸ்மாக் ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கு. கையில காசைக் கொடுத்து "பார்த்துப் போப்பா"ன்னா எப்படிப் போவான்? அவன் சம்மதிச்சா கூலியை வீட்டுக்காரம்மா கையில கொடுக்கலாம். மாட்டுக்குத் தண்ணி காட்ட, மடை திருப்பன்னு அந்த ஒரு மணி நேரம் கூடவே வச்சுக்கலாம். நல்லா இனிப்பா ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

கிடாவெட்டுல "ஒரு கட்டிங்தானே மாப்ளே"ன்னு இழுக்குறாங்க பாருங்க, அவங்களை என்ன சொல்றது!

1935ல அமெரிக்காவுல குடியால நொந்த ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசித்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உருவாச்சு. தமிழ்நாட்டுலயும் அந்தக் கூட்டங்க நடக்குது, கட்டணம் கிடையாது. போக கூச்சப்படுறவனுக்கு வாசல் வரைக்கும் துணைக்குப் போங்க. நடுவுல ஒருநாள் வழுக்கிக் குடிச்சுட்டான்னாலும், மறுநாள் காலையில வழக்கம்போல அவன் வீட்டு முன்னாடி நின்னு வேலைக்குக் கூப்பிடுங்க.