தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் சிவகாசி என்ன செய்யும்?

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி சிவகாசி பக்கம் போயிருக்கீங்களா? ரோட்டோரம் முழுக்க வெளியூர் கார்கள். 'எம்.ஆர்.பி-யில் 80% தள்ளுபடி' போர்டுகள். டிக்கி மூட முடியாத அளவுக்குப் பெட்டிகளோட ஜனங்க சந்தோஷமா ஊர் திரும்புவாங்க. அதே ரோட்டில் தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் போய்ப் பாருங்க. காலையில் கிராமம் கிராமமா வந்து பெண்களை ஏத்திட்டுப் போற கம்பெனி வேன் வராது. ஆலைகள் மூடியிருக்கும். ஆர்டர் இல்லை, மழைக்காலம் வேற. மருந்து காய வெயில் வேணுமே. மறுபடி வேலை சூடுபிடிக்கிற வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் வருமானம் கிடையாது. ஆனா, மகளிர் குழுக் கடன் தவணைக்கு மட்டும் லீவே இல்லை.

ஒரே தொழிலை நம்பின ஊர்களோட கதை உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில், கோதுமை விளைஞ்ச சமவெளியில், 2008 வாக்கில் எண்ணெய் வேட்டை சூடுபிடிச்சது. வில்லிஸ்டன்ங்கிற சின்ன ஊருக்குள்ள ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிஞ்சாங்க. வீட்டு வாடகை பெருநகரங்களுக்குப் போட்டியா ஏறிச்சு. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல இருந்த எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே வந்தது. வந்தவங்க பெட்டியைக் கட்டிட்டாங்க.

சிவகாசி ஜனங்களால அப்படிக் கிளம்ப முடியாது. இவங்க வேலை தேடி வந்தவங்க இல்லை, இந்த மண்ணுக்காரங்க. விருதுநகர் மாவட்டத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்ததுக்குக் காரணமே, மழையை நம்பிப் பிழைக்க முடியாதுங்கிறதுதான். தீப்பெட்டிக்குப் பின்னாடி பட்டாசு வந்தது, லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. உங்க வீட்டுச் சுவர்ல தொங்குற காலண்டரும் அங்கேருந்து வந்ததா இருக்கலாம். 'குட்டி ஜப்பான்'னு நேரு சொன்னதா ஊரே பெருமைப்படும்.

நல்ல காலம் பொய்யில்லை. தீப்பெட்டி ஆபீஸில் குழந்தைகள் வேலை பார்த்த ஊர்னு ஒருகாலத்தில் நாடே திட்டின மாவட்டம், பின்னாடி பல வருஷம் ப்ளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பிடிச்சது. ஆத்தா மானாவாரிக் காட்டில் களையெடுத்தா, மக குரோஸ் கணக்கில் திரி செருகி, தன் கையில் காசு பார்த்தா. ஆனா அந்தக் காசு வர ஆரம்பிச்ச பிறகு உழவை விட்ட குடும்பங்கள் ஏராளம். நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறிடுச்சு. பட்டாசு நின்னா, திரும்பிப் போக நிலமும் தயாரா இல்லை.

2018-ல் அது நின்னுச்சு. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6. அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, இனி பசுமைப் பட்டாசு மட்டும். டெல்லிக் காற்றுக்காக வந்த வழக்கு. மூச்சுத் திணறுற குழந்தைக்கும் நியாயம் வேணும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனா, அந்த நியாயத்துக்கான பில் யார் கைக்குப் போச்சு? தீர்ப்பை எதிர்த்து ஆலைகள் சுமார் நாலு மாசம் மூடிக்கிடந்தன. முதலாளிக்கு அச்சகமோ, கல்லூரியோ, நிலமோ இருக்கலாம். சரவெடி பின்னுற பெண்ணுக்குத் தெரிஞ்சது சரவெடி பின்ன மட்டும்தான்.

இதில் இன்னொரு கொடுமை, வெடிவிபத்துக்கு சீசன் பேதம் கிடையாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: தீபாவளிக்கு 10 வாரம் முன்னாடி, வேலை உச்சத்தில் இருந்த நேரம். குறைந்தது 38 பேர் செத்தாங்க. காப்பாத்த ஓடினவங்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். ஒரே ஆலையைப் பல பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது விசாரணையில் தெரிஞ்சது. சந்தை நல்லா இருந்தா டார்கெட், படுத்தா உள்குத்தகை. லாபம் மேலே போகும்போது அவசரமும், நஷ்டம் வரும்போது செலவுக் குறைப்பும் கடைசியில் வந்து இறங்குறது மருந்து அறையில்தான். என்னைக் கேட்டா, விபத்துக்குக் காரணம் 'உராய்வு'ன்னு எழுதி ஃபைலை மூடறது பாதி உண்மைதான்.

2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் சில நாள் மட்டும் அனுமதி கொடுத்தது. சிவகாசியில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனா பாருங்க, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு குடும்பம் அடுத்த வருஷம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுமா இல்லையாங்கிறது இன்னமும் டெல்லி கோர்ட்டில்தான் தொங்குது.

விபத்தில் இறந்தவங்க பிள்ளைகளோட உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும்னு 2024 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். நல்ல விஷயம். உயிரோட இருந்து வேலை இழந்தவங்களுக்கு என்ன? இதுக்கு முன்மாதிரி நம்ம மாநிலத்திலேயே இருக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அரசு தடை போடுது. அதே அரசு மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணமும் கொடுக்குது. 5,000 ரூபாயா இருந்ததை 8,000 ஆக்கினாங்க. மீனைக் காப்பாத்த வேலையை நிறுத்தினா நிவாரணம் உண்டுன்னா, காற்றைக் காப்பாத்த நிறுத்தும்போதும் அதே கணக்குத்தானே? ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியிலும் அரசுக்கு ஜி.எஸ்.டி போகுது. தொழிலாளர்களுக்குன்னு நல வாரியமும் இருக்கு. வேன் வராத மாசங்களுக்கு இந்த ரெண்டையும் இணைக்க ஓர் அரசாணை போதும்.