தணிந்த சூட்டில் ஷினோ

ஜப்பான் நாட்டின் மினோ பகுதியில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தேநீர்க் கிண்ணங்களை அணிசெய்யத் தோன்றியதே ஷினோ என்னும் வெண்மெருகு. ஏறக்குறைய முழுவதும் ஃபெல்ஸ்பார் கல்லின் பொடியே அதன் மூலப்பொருள். பாலேடு போல் தடித்துப் படியும். ஆங்காங்கே ஊசித் துளைகள், ஓரங்களில் தீயின் செம்மை. பிற மெருகுகளில் குறையெனத் தள்ளப்படுவன இங்கே அழகெனப் போற்றப்படுவது விந்தையன்றோ! இதன் பிறப்பிடம் சேட்டோ என்றே நெடுங்காலம் எண்ணினர். 1930-இல் அரகாவா தொயோசோ என்ற குயவர், மினோவின் பழஞ்சூளை ஒன்றில் மூங்கிற்குருத்து தீட்டிய ஓட்டுத்துண்டைக் கண்டெடுத்த பின்னரே உண்மை புலனாயிற்று.

அமெரிக்கக் குயவர்கள் 1970-களில் இதனுடன் சோடாச் சாம்பலைச் சேர்த்தனர். அது நீரில் கரைந்து, கலம் உலர்கையில் மேற்பரப்புக்கு ஏறி, முந்தி உருகிப் புகைக்கரியைத் தன்னுள் சிறைப்படுத்தும். ஆதலின் மெருகிட்ட கலத்தை மெல்ல உலர்த்துதல் வேண்டும். விரல் பட்ட இடமும் சூளையில் தடமாகத் தெரியும்.

இவையாவும் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிகழ்வன. எரிபொருட் செலவுக்கு அஞ்சி 1,220 முதல் 1,240 பாகையோடு நிறுத்துவோர் இன்று பலர். அச்சூட்டில் ஃபெல்ஸ்பார் மட்டும் செவ்வனே உருகாது. வறண்டு சொரசொரப்பாய் நிற்கும். எனவே எளிதில் உருகும் நெபிலின் சயனைட்டையும், சிறிதளவு போரான் கலந்த கண்ணாடிப் பொடியையும் சேர்க்கின்றனர். பொடி மிகுந்தால் தடித்த வெண்மை போய்ப் பளபளப்பே எஞ்சும். அதனை ஷினோ என்றழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. உருகுதல் முந்துவதால் புகையூட்டலும் முந்த வேண்டும். மின் சூளையிலோ புகைக்கே இடமில்லை. அங்கே இரும்புச் சத்துள்ள களிமண்தான் செம்மைக்குத் துணை.

அழகினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. சோடா மிகுந்த மெருகு குளிர்கையில் மண்ணைவிட மிகுதியாய்ச் சுருங்கி, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். உயர்சூட்டுக்குரிய களிமண்ணை நடுச்சூட்டில் சுட்டால் அது நீரை உறிஞ்சும் நிலையிலேயே நிற்கும். வெடிப்பின் வழியே கசியும், உணவின் எச்சமும் உள்ளே தங்கும். சிலர் அத்தகைய கிண்ணங்களையும் உண்கலம் என்று விற்பது முறையன்று. நடுச்சூட்டில் இறுகும் களிமண்ணையே தேர்தல் வேண்டும். வாங்குவோரும் கலத்தில் நீர் நிரப்பி, ஓரிரவு தாளின்மேல் வைத்துப் பார்க்கலாம். தாள் நனைந்திருந்தால் அக்கலம் உலர்ந்த மலர்களை ஏந்தட்டும்.