கேளிக்கை உலகில் ஒரு வேளைச் சாப்பாடு

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா உண்டு. அங்கே தம்முடைய புதல்விகள் இருவரும் குடைராட்டினத்தில் சுற்றிக் கொண்டிருக்க, வால்ட் டிஸ்னி ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலையைக் கொறித்துக் கொண்டிருந்தாராம். குழந்தைகளுக்கு மட்டும் ஆனந்தம், பெற்றோருக்கு வெறும் பெஞ்சி என்பது என்ன நியாயம், இரு சாராரும் சேர்ந்து களிப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியதாம். அந்த எண்ணம் 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டாக முளைத்தது. 1971-ல் புளோரிடாவில் ஆர்லாண்டோவுக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டாகப் படர்ந்தது. இந்தக் கதையில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேளிக்கை உலகம் பிறப்பதற்கு முன்பே அங்கே வேர்க்கடலை வந்துவிட்டது! விளையாட்டு எங்கே உண்டோ அங்கே பசியும் உண்டு என்பதுதான் இதன் தாத்பரியம்.

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ, ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரையும் குழந்தை குட்டிகளையும் அழைத்துக் கொண்டு ஆர்லாண்டோவுக்குப் புறப்படுவது இந்நாளில் சகஜமாகிவிட்டது. சவாரிகளைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் "போன இடத்தில் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நேர்மாறான தவறு நடந்தது. ஐந்து நாள் யாத்திரையில் தினம் இரண்டு பெரிய போஜனசாலைகளில் இடம் பிடித்து வைத்தார்கள். மேஜைமுன் அமர்ந்து உண்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தைகள் ஜன்னல் வழியே ராட்டினத்தைப் பார்த்து ஏங்கினார்கள். குடும்பத் தலைவர் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பாட்டியம்மாளோ மாமிச வாசனை தாங்காமல், ரொட்டியும் வெண்ணெயுமாக ஐந்து நாளையும் கழித்துவிட்டு, ஊர் திரும்பியதும் "எல்லாம் நன்றாய்த்தான் இருந்தது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. மூத்தவர்கள் புகார் சொல்வதில்லை. அதனால் அவர்களுடைய பசியை நாமேதான் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

முதலாவதாக இடத்தின் விஸ்தீரணத்தை மனதில் வாங்கிக் கொள்ள வேண்டும். டிஸ்னி வேர்ல்டு சுமார் 40 சதுர மைல் பரப்புள்ளது. மாஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்கு தனித்தனிப் பூங்காக்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டு வரலாம் என்பது பொதுவாக நடவாத காரியம். ஆகையால் எந்தப் பூங்காவில் பகலைக் கழிக்கிறோமோ அங்கேயே ஊணும் அமைவது உத்தமம்.

அடுத்தபடி, உட்கார்ந்து சாப்பிடுவது எப்போது லாபம், எப்போது நஷ்டம் என்று யோசிக்க வேண்டும். காலை வேளையில் கூட்டம் குறைவு. சவாரிகளுக்கு வரிசையும் குறைவு. அந்தப் பொன்னான நேரத்தை மேஜைமுன் செலவழிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. புளோரிடாவின் கோடைகாலப் பிற்பகலோ வேறு விதம். வெயில் மண்டையைப் பிளக்கும். திடீரென்று இடி மின்னலுடன் மழை கொட்டும். அந்த வேளையில் குளிர்ந்த கூடத்தில் கால் நீட்டி அமர்வது, கிழவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் புத்துயிர் கொடுக்கும். மத்தியானம் 2 மணிக்கு மேல் சாப்பிட்டால், இராத்திரிக்குச் சிற்றுண்டியே போதுமானதாகிவிடும்.

போஜனசாலைகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்வோம். சிலவற்றில் மிக்கி முதலிய பாத்திரங்கள் நம்முடைய மேஜைக்கே வந்து குழந்தைகளுடன் கொஞ்சுவார்கள். கன்டெம்ப்ரரி ஹோட்டலிலுள்ள ஷெஃப் மிக்கீஸ் இத்தகையது. இங்கே தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலை. 3 முதல் 9 வயது வரைதான் குழந்தைக் கட்டணம். 10 வயது நிரம்பிவிட்டால், அரை இட்லி சாப்பிடும் குழந்தையும் பெரிய மனிதர்தான்! ஆனால் பாத்திரங்களைக் காணத் தனியே வரிசையில் நிற்கும் சிரமம் மிச்சம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வகையில் சாப்பாட்டைக் காட்டிலும் இடமே வேடிக்கை. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் சை-ஃபை டைன்-இன் தியேட்டர் என்னுமிடத்தில் மோட்டார் வண்டி போன்ற ஆசனங்களில் அமர்ந்து பழைய சினிமாத் துண்டுகளைப் பார்த்தபடி உண்ணலாம். எப்காட்டில் கார்டன் கிரில் என்னும் கூடம் மெள்ள மெள்ளச் சுழன்றுகொண்டே இருக்கும். மூன்றாவது வகை, பற்பல தேசத்து உணவு. எப்காட்டில் ஏரியைச் சுற்றி மெக்ஸிகோ, ஜப்பான், மொராக்கோ முதலிய 11 தேசங்களின் மண்டபங்கள் இருக்கின்றன. உலகம் சுற்றாமலே உலகத்தின் ருசியை அறிய விரும்புவோருக்கு இது ஏற்றது.

இனி நம்மவரின் பெரிய கவலைக்கு வருவோம். மரக்கறி உணவு கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். மாமிசத் துண்டு கண்ணில் படாததாலேயே ஒரு பதார்த்தம் சைவமாகிவிடாது. சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். கூட்டில் மீன் ரசம் கலந்திருக்கலாம். மீன், முட்டை, மாமிசச் சாறு எதுவும் ஆகாது என்று தனித்தனியே சொல்லி விசாரிப்பதில் வெட்கம் எதற்கு? நம்முடைய ஆசாரத்தை மரியாதையுடன் எடுத்துச் சொன்னால் பிறரும் மரியாதையுடன் கேட்டுக் கொள்வார்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்னும் போஜனசாலை 2009-ல் ஏற்பட்டது. ஆப்பிரிக்கச் சமையலுடன் இந்திய மசாலை வாசனையும் அங்கே கலந்து வரும். நான் முதலிய ரொட்டிகளும் பலவகைச் சட்னிகளும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்து கொண்டிருக்கும். இது பூங்காவின் வாசலுக்கு வெளியே இருப்பதால் நுழைவுச் சீட்டும் தேவையில்லை. பாட்டியம்மாளை அழைத்துச் செல்ல இதைவிடத் தக்க இடம் நமக்குத் தோன்றவில்லை.

பெயர் பெற்ற இடங்களுக்கு 60 நாள் முன்னதாகவே இடம் பதிவு செய்யலாம். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குவோர், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் நாட்களில் 10 நாள் வரைக்கும் ஒரே மூச்சில் பதிவு செய்துகொள்ளலாம். மாஜிக் கிங்டம் கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்டெரெல்லாவின் ராஜ போஜனத்தை விரும்புவோர் இந்த நாளைத் தவறவிடலாகாது. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு 10 டாலரோ அதற்கு மேலுமோ தண்டம் கட்ட நேரும். பரிமாறுகிறவருக்குப் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் இனாம் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அதையும் முன்பே செலவுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

எல்லாம் சரி, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு நல்ல சமாசாரம். கண்ணாடிப் பாத்திரமும் மதுபானமும் தவிர, வீட்டு உணவைப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. நம்முடைய கட்டுச்சோறு கடல் கடந்தும் கைகொடுக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் மாஜிக் கிங்டத்தில் தாராளமாகப் பிரவேசிக்கலாம்!

ஆகவே நாம் சொல்லும் யோசனை இதுதான். ஐந்து நாளில் இரண்டே வேளை உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒன்றைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கட்டும். மற்றொன்றைப் பாட்டி தாத்தா தேர்ந்தெடுக்கட்டும். மற்ற வேளைகளுக்குக் கட்டுச்சோறும் சிற்றுண்டியும் போதும். பெஞ்சியில் தனியே உட்கார்ந்து கடலை கொறித்தவருக்கு உதித்த எண்ணத்திலிருந்து பிறந்த இடம் அது. அங்கே நம் வீட்டு மூத்தவர் ஒருவர், கூட்டத்தின் நடுவே வெறும் ரொட்டியுடன் தனியே உட்கார்ந்திருக்கும்படி நாம் விடலாமா?