ஹெர்சோக்கைக் கொன்றது யார்?



பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத பெயர் விளாதிமிர் ஹெர்சோக். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ‘டிவி குல்துரா’ தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1975 அக்டோபர் 25 அன்று காலை, ராணுவம் விசாரணைக்கு அழைத்தது என்று தாமாகவே போனார். அன்றே பிணமானார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது ராணுவம். படம் ஒன்றையும் வெளியிட்டது. அதில் அவருடைய முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன, பாதங்கள் தரையில் இருக்கின்றன!

1964 முதல் ராணுவ ஆட்சி நடந்த நாடு அது. பத்திரிகைகளின் வாயைத் தணிக்கை கட்டியிருந்தது. அப்போது சில்டோ மெய்ரெலிஸ் என்ற கலைஞர் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார். ‘ஹெர்சோக்கைக் கொன்றது யார்?’ என்று புழக்கத்தில் இருந்த குரூசேரோ நோட்டுகளில் குத்தினார். பிறகு அவற்றைச் செலவழித்துவிட்டார். துண்டுப் பிரசுரமென்றால் பிடுங்கிக் கிழிக்கலாம், வைத்திருந்தவரை உள்ளே தள்ளலாம். பணத்தை யார் கிழிப்பார்கள்? அரசு அச்சடித்த நோட்டே அரசைக் கேள்வி கேட்டபடி கடை கடையாகப் போனது.

உங்களில் பலருக்கு ஓவியக் கண்காட்சிக்குப் போகும் வழக்கம் இருக்காது. இந்தக் கலைக்கு அது தேவையே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, பேசாமல் அடுத்தவரிடம் தள்ளியவர்களுக்கும் இதில் பங்குண்டு.

இதற்கு முன், 1970இலேயே மெய்ரெலிஸ் கோகோ கோலா பாட்டில்களில் இதைச் செய்து பார்த்திருந்தார். திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி பாட்டில்கள் அவை. வெள்ளை எழுத்தில் அமெரிக்க எதிர்ப்பு வாசகத்தை அச்சிட்டுக் கடைக்கே அனுப்பினார். காலி பாட்டிலில் அது கண்ணில் படாது. ஆலையில் கறுப்புப் பானம் நிரம்பியதும் பளிச்சென்று தெரியும். இன்று அவற்றில் சில லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் கைமாறிக்கொண்டிருந்த பொருளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியது எனக்கு உறுத்தவே செய்கிறது.

ஹெர்சோக்கின் மனைவி கிளாரிஸ் வழக்குத் தொடுத்தார். ராணுவ ஆட்சி நீடித்தபோதே, 1978இல், ஹெர்சோக்கின் சாவுக்கு அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ராணுவ விசாரணைக் கூடத்தில் நடந்த கொடுமையால் இறந்தார் என்று எழுதிய புதிய சான்றிதழ் 2013இல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது.

அன்புடன்,
ஆசிரியர்